மீண்டு வந்த சீன யாத்திரிகர்

யாத்திரை சென்றோரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் போன வழியையே விரித்துரைப்பர். கடந்த பாலைவனங்களும், ஏறிய பனிமலைகளும், வணங்கிய தலங்களும், கள்வர் கையில் அகப்பட்டுத் தப்பிய கதைகளும் ஏடுகளை நிரப்பும். யாத்திரிகன் ஊர் திரும்பினான் என்றதும் நூல் முடிந்துவிடும். அவனுடைய வாழ்வோ அங்கே முடிவதில்லை. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்று சில கிழமைகளில் மீள்வோர்க்கே வீட்டு வாழ்க்கை சின்னாள் அந்நியமாகத் தோன்றுவதுண்டு. பதினைந்து, இருபது ஆண்டுகளைப் பிறநாட்டுப் புண்ணிய தலங்களிலே கழித்தவன் தன் பழைய ஊரில் மீண்டும் கால் வைக்கும்போது ஊரும் மாறியிருக்கும், அவனும் மாறியிருப்பான். அம்மாற்றத்தோடு அவன் எவ்வாறு வாழ்ந்தான் என்பது வரலாற்றாசிரியர் போதிய அளவு கேளாத கேள்வியாகும்.

இந்திய வரலாறு கற்கும் மாணவர் பாகியன், யுவான் சுவாங், இத்சிங் என்னும் மூவர் பெயரையும் நன்கறிவர். குப்தர் காலத்து ஆட்சிச் சிறப்பைக் கூற ஒருவரும், ஹர்ஷவர்த்தனனின் கொடைச் சிறப்பைக் கூற ஒருவரும், நாளந்தாவின் கல்விச் சிறப்பைக் கூற ஒருவருமாக இவர்கள் வழக்குமன்றச் சாட்சிகள்போல அழைக்கப்படுவர். சாட்சியம் முடிந்ததும் அனுப்பப்பட்டும் விடுவர். ஆனால் அவர்கள் குப்தருக்கோ ஹர்ஷனுக்கோ சாட்சி சொல்ல வந்தவரல்லர். புத்தர் பிறந்த மண்ணை வணங்கவும், தம் நாட்டிற் கிடையாத நூல்களைத் தேடிப் பெறவும் வந்தவர்கள். பெற்றதைத் தாய்நாட்டிற் சேர்த்த பின்னரே அவர்களது யாத்திரை நிறைவெய்தும். ஆதலின் அவர்களுடைய வரலாற்றின் மறுபாதி சீனத்திலேதான் இருக்கின்றது.

மீளுதலே அரிய செயலாயிருந்தது என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். இந்தியா நோக்கிப் புறப்பட்ட துறவியர் ஐம்பத்தறுவரின் வரலாற்றை இத்சிங் தொகுத்து எழுதியுள்ளார். அவருட் பலர் வழியிலே மாண்டனர். வேறு சிலர் சென்றடைந்த இடத்திலேயே நோயுற்று இறந்தனர். மீளாமலிருக்கத் தாமாகவே முடிவு செய்தாரும் உளர். கி. பி. 399இல் சாங்கான் நகரிலிருந்து பாகியனோடு புறப்பட்டவருள் ஒருவர் தாவோசெங். பாடலிபுத்திரத்துத் துறவியர் ஒழுக்கத்தைக் கண்ட அவர், தம் நாட்டுத் துறவியர் நிலையை அதனோடு ஒப்பிட்டு மனம் நொந்து, இனிப் பிறவிதோறும் எல்லைப்புற நாட்டிற் பிறவாதிருக்க வேண்டுமென வேண்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அவரைக் குறை கூறுதற்கில்லை. கண்டதன் நிறைவு அவரைக் கட்டிப்போட்டது. பாகியனோ விநய நூல்களைச் சீனத்திற் பரப்புதற்கென்றே வந்தவர். மற்றொரு தோழரைப் பனிமலையிலே பறிகொடுத்திருந்த அவர், இப்போது தனியராய்த் தம் வழியே சென்றார்.

பாகியன் இலங்கையில் தங்கிய காலம் ஈராண்டு. அனுராதபுரத்து அபயகிரி விகாரையில் பச்சை மணியாலாய புத்தர் திருவுருவின் முன் வணிகனொருவன் சீனத்து வெண்பட்டு விசிறியைக் காணிக்கையாக வைத்ததைக் கண்டு அவர் தம்மையறியாது கண்ணீர் உகுத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. பல்லாண்டுகள் வேற்று முகங்களையும் வேற்று மரஞ்செடிகளையுமே கண்டு பழகிய முதியவரை ஒரு சிறு விசிறி உருக்கியது. ஆயினும் அவர் உடனே கப்பலேறிவிடவில்லை. வேண்டிய நூல்கள் கைக்கு வரும்வரை இங்கேயே இருந்தார். ஊர் நினைவு வேறு, ஊர் திரும்புதற்கான காலம் வேறு என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

திரும்பும் வழியிற் கடல் அவரைப் பெரிதும் அலைக்கழித்தது. கப்பலில் நீர் புகுந்தபோது வணிகர் தம் பண்டங்களைக் கடலில் எறிந்தனர். தம்முடைய சுவடிகளையும் எறிந்துவிடுவரோ என்பதே அவருடைய அச்சம். அடுத்த கப்பலில், இத்துறவி ஏறியதாலேயே புயல் வந்ததென்று கூறி அவரை ஏதேனும் ஒரு தீவில் இறக்கிவிட எண்ணினாரும் இருந்தனர். குவாங்சௌத் துறைக்குச் செல்ல வேண்டிய கப்பல் திசை தவறி, கி. பி. 412இல், எவ்விடமென்று எவருக்குந் தெரியாத ஒரு கரையை அடைந்தது. அக்கரையில் முளைத்திருந்த ஒருவகைக் கீரையைக் கண்டே அது சீன மண் என அவர் உணர்ந்தார். விகாரையோ தூணோ கல்வெட்டோ அவருக்குத் தாய்நாட்டைக் காட்டவில்லை. அடுக்களைக் கீரை காட்டிற்று.

ஆனால் மண் பழையதாயினும் ஆட்சி பழையதன்று. அங்கே எதிர்ப்பட்ட வேடர் இருவரை, இது எந்நாடு, எவருடைய ஆட்சி என்று வினவியே அவர் அறிய வேண்டியிருந்தது. அவர் இல்லாத காலத்திலே அப்பகுதி ஓர் அரசின் கையிலிருந்து மற்றோர் அரசின் கைக்கு மாறி, ஈற்றிற் கிழக்குச் சின் அரசின் வசமாகியிருந்தது. புறப்பட்ட இடமாகிய சாங்கானோ வேறு அரசின் தலைநகர். அங்குச் செல்லவே அவர் உள்ளம் விழைந்தது. எனினும் நூல்களை மொழிபெயர்க்கும் கடமை பெரிதென எண்ணித் தெற்கே சியென்காங் என்னும் நகருக்கு அவர் சென்றார். இக்காலத்து நான்சிங் நகரே அது.

இவ்விடத்திற் பலர் கவனியாத செய்தியொன்று உண்டு. விநய நூல்கள் குறைவுபட்டுக் கிடந்தமை கண்டு வருந்தியே பாகியன் யாத்திரை புறப்பட்டார். அவர் மலைகளையும் கடல்களையும் கடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் சாங்கானுக்குக் குமாரசீவர் முதலிய அறிஞர் வந்து சேர்ந்தனர்; சர்வாஸ்திவாத விநயமும் தருமகுப்தக விநயமும் அங்கே சீனமொழிக்குப் பெயர்க்கப்பட்டுவிட்டன. எக்குறையைத் தீர்க்கத் தம் முதுமையைப் பணயம் வைத்தாரோ அக்குறையிற் பெரும்பகுதி அவரின்றியே தீர்ந்திருந்தது. இத்தகைய செய்தி ஒரு மனிதனைச் சோர்வடையச் செய்தல் இயல்பு. பாகியன் செய்தது யாதெனின், புத்தபத்திரர் என்னும் இந்திய அறிஞரோடு அமர்ந்து, தாம் பாடலிபுத்திரத்திற் கைப்படப் பிரதி செய்துவந்த மகாசாங்கிக விநயத்தை 416 முதல் 418 வரை மொழிபெயர்த்தமையேயாம். இலங்கையிற் பெற்ற மகீசாசக விநயத்தை மொழிபெயர்க்க அவருக்கு ஆயுள் போதவில்லை. அதனைப் பிறர் 423, 424ஆம் ஆண்டுகளிலே செய்து முடித்தனர்.

யுவான் சுவாங் மீண்ட வரலாறு இன்னும் விரிவாகக் கிடைக்கின்றது. அவருடைய மாணவராகிய ஹுயிலி முதலியோர் எழுதிய சரிதம், வீடு திரும்பிய யாத்திரிகனின் அன்றாட வாழ்வை இத்துணை நுணுக்கமாகக் கூறும் பண்டைய நூல்களுள் முன்னணியில் வைக்கத்தக்கது. காஞ்சிவரை வந்து, இலங்கையில் மன்னன் இறந்தமையும் பஞ்சமும் குறித்து அங்கு வந்த துறவியர் வாயிலாகக் கேள்வியுற்றுக் கடல் கடவாது திரும்பியவர் அவர். அவருடைய ஆசிரியரான சீலபத்திரர், காஞ்சியிற் பிறந்த தருமபாலரின் மாணவர். ஆகவே பின்னர்ச் சீனத்தில் அவர் பரப்பிய கல்வியில் தமிழ்நாட்டுத் தொடர்பும் ஓரிழையாக உண்டு.

நாளந்தாத் துறவியர் அவரைப் போகவிட விரும்பவில்லை. புத்தர் பிறந்த நாட்டை விட்டு மிலேச்ச நாட்டுக்குச் செல்வானேன் என்று வினவினர். அறம் ஓரிடத்தில் அடைபட்டுக் கிடத்தற்குரியதன்று என்பதே அவருடைய மறுமொழியின் சாரம். சீலபத்திரர் அதனை ஏற்று விடை கொடுத்தார்.

ஆனாற் புறப்பட்டபோது இருந்த உலகம் திரும்பும்போது இருக்கவில்லை. போகும் வழியில் துர்பான் பகுதியிலுள்ள காவோசாங் நாட்டின் மன்னன் அவரை உடன்பிறந்தானாகக் கொண்டு பொருளும் பரிவாரமும் வழங்கியிருந்தான். மீளும்போது மூன்றாண்டு தன்னிடம் தங்க வேண்டுமென வாக்கும் பெற்றிருந்தான். 640இல் தாங் சக்கரவர்த்தியின் படை அந்நாட்டை விழுங்கிவிட்டது. வாக்கைப் பெற்றவன் இல்லை. அதனை நிறைவேற்ற நாடும் இல்லை. சிந்து நதியைக் கடக்கையிற் சுவடிக் கட்டுக்களுட் பல ஆற்றோடு போயின. ஹர்ஷன் அளித்த யானையும் மலைவழியில் நீரில் மூழ்கி இறந்தது. கோத்தானை அடைந்த யுவான் சுவாங், அரசாணையை மீறி நாட்டைவிட்டுச் சென்ற குற்றத்தைப் பொறுத்தருளுமாறு சக்கரவர்த்திக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டு, மறுமொழி வரும்வரை மாதக்கணக்காகக் காத்திருந்தார். இந்தியாவின் பேரரசர் கைகூப்பி நின்ற அறிஞர், தம் சொந்த நாட்டின் வாயிலில் ஒரு குற்றவாளியின் நிலையில் நின்றார்.

645ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் சாங்கானுட் புகுந்தபோது வரவேற்புக்குக் குறைவில்லை. 657 நூல்களையும் திருவுருவங்களையும் இருபது குதிரைகள் சுமந்து வந்தன. நெரிசலில் மக்கள் மிதியுண்டுவிடக் கூடாதென்று, அவரவர் நின்ற இடத்திலேயே நின்று மலர் தூவி வணங்குமாறு அதிகாரிகள் பணித்தனர். ஆனால் அச்சிறப்பின் பின்னே ஒரு வலையும் இருந்தது. லோயாங் நகரிலே சக்கரவர்த்தி தாய்சுங் அவரைச் சந்தித்தபோது பிழையைப் பொறுத்துக்கொண்டதோடு நில்லாது, காவியைக் களைந்து அரச பணி ஏற்குமாறு கேட்டார். மேல்நாடுகளின் வழியும் வளமும் வழக்கமும் அறிந்தவர் ஒருவர் அரசுக்கு எத்துணைப் பயன்படுவார் என்பதைப் பேரரசர் அறியாரா? யுவான் சுவாங் மறுத்தார். கொரியப் படையெடுப்பிலாவது உடன் வருமாறு கேட்டதற்கு, துறவி போரைக் காண்டல் விநயத்துக்கு விரோதமென்று கூறித் தப்பினார். சுங் மலையிலுள்ள ஷாவோலின் மடத்திலே அமைதியாக இருந்து மொழிபெயர்க்க அனுமதி வேண்டினார், அது மறுக்கப்பட்டது. தலைநகரிலே, அரசின் கண்ணெதிரே, அரசு கொடுத்த மடத்திலேயே பணி நடைபெறல் வேண்டும் என்பது முடிவாயிற்று.

ஆகவே அவருடைய புதிய அன்றாட வாழ்வு ஓர் உடன்படிக்கையாக அமைந்தது. நூல்களைப் பெயர்க்க அறிஞரையும் இடத்தையும் பொருளையும் சக்கரவர்த்தி தருவார். பொருள் நோக்கப் பன்னிருவரும் நடை செம்மைசெய்ய ஒன்பதின்மரும் வந்து சேர்ந்தனர். அதற்கீடாகச் சக்கரவர்த்தி கேட்டதை அவர் செய்து கொடுக்க வேண்டும். முதலிற் கேட்கப்பட்டது மேல்நாடுகள் பற்றிய குறிப்பு நூல். 646இல் முடிந்த அந்நூலையே இன்று வரலாற்றாசிரியர் அனைவரும் போற்றுகின்றனர். அதனாலேயே யுவான் சுவாங் பெயர் பாடநூல்களில் நிலைத்துள்ளது. அவர் தம் உயிர்ப்பணியாகக் கருதியதோ அதுவன்று. அரசுக்குச் செலுத்திய வரி என்று அதனைக் கூறினும் பெரிதும் பிழையாகாது.

நாள்தோறும் அவர் கடைப்பிடித்த ஒழுங்கைச் சரிதம் விளக்குகின்றது. இன்னின்ன பகுதியை இன்று முடித்தல் வேண்டுமெனக் காலையிலே வரையறுத்துக்கொள்வார். பகலிற் பிற அலுவல்கள் குறுக்கிட்டால் இரவிலே அதனை ஈடுசெய்வார். சிறிது நேரமே துயின்று, வைகறையில் எழுந்து, அன்று பெயர்க்கவேண்டிய வடமொழிப் பகுதியைப் படித்துச் செம்மையாற் குறியிட்டு வைப்பார். உணவுக்குப் பின்னும் அந்தியிலும் மாணவர்க்குப் பாடம் சொல்வார். மடத்தின் நிருவாகமும் அவர் தலையிலேயே இருந்தது. அரண்மனைத் தூதர் வந்து போவர். பிரபுக்கள் தரிசனத்துக்கு வருவர். பாலைவனத்தில் நீரின்றி நடந்தவருக்கு இவ்வோயாத வருகைகள் அதனினும் பெரிய சோதனையாயிருந்தன என்று கருதத் தோன்றுகின்றது. ஒழுங்கு ஒன்றே அவருக்குக் காப்பாயிற்று.

652இல் நூல்களைத் தீயினின்றும் காக்கத் தாசியென் மடத்திலே ஒரு கோபுரம் எழுப்ப விரும்பினார். அப்போது ஐம்பது வயதளவினராயிருந்த அவர் தாமே கூடை சுமந்து செங்கல் எடுத்துக் கொடுத்தார் என்று சரிதம் கூறும். பின்னாளிற் புதுக்கிக் கட்டப்பட்ட அக்கோபுரம் இக்காலத்து சியான் நகரில் இன்றும் நிற்கின்றது. நெடுந்தூரம் நடந்து பழகியவரின் உடல், எழுத்துப் பலகையின் முன் முடங்கிக் கிடந்த ஆண்டுகளின் நடுவே, அந்தச் சுமையிலே ஓர் ஆறுதலைக் கண்டிருக்கலாம். உடலோ நலமாக இல்லை. பனிமலையிற் பற்றிய குளிர்நோய் அடிக்கடி தலைகாட்டிற்று. 656இல் அது கடுமையாகவே, சக்கரவர்த்தி காவோசுங் மருத்துவரை அனுப்ப வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டு, சக்கரவர்த்தியின் பரிவாரத்தோடு லோயாங் செல்ல நேர்ந்தபோதுதான் யுவான் சுவாங் தம் பிறந்த ஊரை மீண்டும் கண்டார். நாடு திரும்பிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன! உறவினருள் எஞ்சியிருந்தவர் மணமாகிச் சென்றிருந்த ஒரு தமக்கையார் மட்டுமே. அவரை வரவழைத்து, பெற்றோரின் சமாதி எங்கேயென்று வினவி, இருவருமாகச் சென்று பார்த்தனர். நாற்பதாண்டுக்கு மேலாகக் கவனிப்பாரற்றுச் சிதைந்து கிடந்த சமாதியைக் கண்டு வருந்தி, அரச அனுமதி பெற்று, வேறு நல்லிடத்திலே மீள அடக்கம் செய்வித்தார். துறவு பூண்டவருக்கும் மகன் என்னும் கடன் தீரவில்லை. பல நாடுகளின் தூபங்களை வணங்கி மீண்டவர், தம் தாய் தந்தையர் துயிலும் இடத்தைத் தமக்கையிடம் கேட்டறிய வேண்டியிருந்ததென்பது அச்சரிதத்திலே நெஞ்சை மிகவும் தொடும் பகுதியாகும். அதே ஆண்டில் ஷாவோலின் மடத்துக்குச் செல்ல மறுபடியும் அனுமதி வேண்டினார். மறுபடியும் மறுக்கப்பட்டது.

அவர் அரசவைக்கு மிக நெருங்கிப் பழகினார் என்று குறை கூறுவாரும் உளர். அக்குறை முற்றிலும் பொருளற்றதன்று. புகழ்ச்சி நிறைந்த விண்ணப்பங்கள் பலவற்றை அவர் எழுதியுள்ளார். ஆயினும் இருமுறை காடு நாடி விண்ணப்பித்தவர் அவர் என்பதை மறத்தலாகாது. புரவலர் கை விட்டிருப்பின் 657 நூல்களும் மூட்டை அவிழாமலே கறையானுக்கு இரையாகியிருக்கும். விடுதலையைக் கொடுத்து நூல்களை வாங்கினார் என்றே கொள்ளல் வேண்டும்.

இந்தியாவை அவர் மறந்தாரல்லர். புத்தகயையின் மகாபோதி மடத்திலிருந்து பிரஞ்ஞாதேவர், ஞானப்பிரபர் என்னும் துறவியர் 652இற் கடிதம் அனுப்பினர்; அன்பின் அடையாளமாக வெண்பருத்தித் துணி இரண்டு சுருளும் உடன் வந்தது. 654இல் யுவான் சுவாங் மறுமொழி எழுதினார். ஆசிரியர் சீலபத்திரர் மறைந்தமைக்கு அதில் இரங்கியுள்ளார். அதுவரை முப்பதுக்கு மேற்பட்ட நூல்களைப் பெயர்த்துவிட்டதைத் தெரிவித்துள்ளார். பின்னர், சிந்து நதியில் இழந்த நூல்களின் பட்டியலையும் இணைத்து, வருவோர் எவரேனும் இருப்பின் அவற்றை அனுப்புமாறு கேட்டுள்ளார். ஆற்றிற் போன சுவடிகளை அவர் பத்தாண்டுக்குப் பின்னும் எண்ணிக்கொண்டிருந்தார்!

660இல், தலைநகரின் ஆரவாரத்தினின்றும் விலகி, யூஹுவா அரண்மனை மடத்திலே மகாபிரஞ்ஞாபாரமிதையைத் தொடங்கினார். இரண்டு இலட்சம் சுலோக அளவினதாகிய அந்நூலைச் சுருக்கிப் பெயர்க்குமாறு மாணவர் வேண்டினர். அவர் முதலில் இசைந்து, பின்னர் ஒன்றையும் விடாமற் பெயர்க்கவே துணிந்தார். 663இல் அது 600 சுருள்களாக முடிந்தது. 664 தொடக்கத்தில் இன்னொரு பெருநூலைத் தொடங்குமாறு வேண்டியபோது, சில வரிகள் மட்டும் பெயர்த்து, இனி வலிமையில்லை என்று கூறிச் சுவடியை மூடிவைத்தார். அடுத்த மாதமே அவர் வாழ்வு முடிந்தது. பத்தொன்பது ஆண்டுகளில் அவர் பெயர்த்தவை 75 நூல்கள், 1,335 சுருள்கள்.

இத்சிங் இவ்விருவரினும் வேறுபட்டவர். 671இற் கடல்வழியாகப் புறப்பட்டு, நாளந்தாவிற் பத்தாண்டளவு கற்று, சுமாத்திராவின் ஸ்ரீவிஜயத்திலே தங்கி மொழிபெயர்ப்பிலே ஈடுபட்டிருந்தார். முதன்முறை அவர் தாய்நாடு திரும்பியது தற்செயலாகவே. 689இல், காகிதமும் மையும் எழுதுவோரும் வேண்டிக் குவாங்சௌவுக்குக் கடிதம் அனுப்பும்பொருட்டுத் துறையிலே ஒரு கப்பலில் ஏறினார். வாய்த்த காற்றைத் தவறவிட விரும்பாத மாலுமிகள் பாய் விரித்துவிட்டனர். சுவடிகள் ஸ்ரீவிஜயத்திலே கிடக்க, அவர் மட்டும் சீனக்கரை சேர்ந்தார். தாய்நாட்டு மண்ணை மிதித்துவிட்டோமே, இனி எதற்குக் கடல் என்று அவர் இருந்துவிடவில்லை. துணைவர் நால்வரைத் தேடிக்கொண்டு அதே ஆண்டில் மீண்டும் கப்பலேறினார். நூல்களோடு அவர் முறையாகத் திரும்பியது 695இல். லோயாங் நகரின் கீழை வாயிலுக்குப் புறத்தே பேரரசி வூ தாமே வந்து எதிர்கொண்டார்.

இத்சிங்கின் கவலை வேறு வகையினது. பெருந்தத்துவங்களைக் காட்டிலும் துறவியின் அன்றாட நடத்தையே அவர் கண்ணை ஈர்த்தது. திரும்புமுன்னரே, 692இல், தென்கடலிலிருந்து தாய்நாட்டுக்கு அனுப்பிய நூலின் நாற்பது அதிகாரங்களிலும் இந்தியத் துறவியர் உண்ணும் முறை, உடுக்கும் முறை, உறங்கும் முறை எல்லாவற்றையும் எழுதினார். உண்டபின் கையும் வாயும் கழுவாதவன் எச்சிலன். எச்சில் பட்டதைப் பிறர் தொடலாகாது. குடிநீர்க் குடம் வேறு, கைகால் கழுவும் குடம் வேறு. நீரை வடித்தே பருக வேண்டும். காலையிற் பல்லுக்குச்சியாற் பல் துலக்க வேண்டும். இவற்றைப் படிக்கும் சைவர், இவையெல்லாம் நம் பாட்டிமார் சொன்னவையன்றோ என்று முறுவலிப்பர். ஆயின் சீனத்து மடங்களில் இவை புதுமை. பல்லுக்குச்சி என்றால் அலரிபோன்ற ஒரே மரத்தின் கொம்புதான் என்று அங்குள்ளோர் கருதியதை மறுத்து, இந்தியாவில் எம்மரத்திலும் அதனைக் கொள்வர் என்று பொறுமையாக விளக்குகின்றார்.

இதனைச் சிறுமையென்று ஒதுக்குவோர் உளர். யாத்திரையிற் பெற்றதை நூல்நிலையத்திற் சேர்ப்பது எளிது. அடுக்களையிலும் கிணற்றடியிலும் சேர்ப்பது மிகக் கடினம். பழைய வழக்கத்துக்குள்ளே திரும்பிப் புகுவதை விடுத்து, அவ்வழக்கத்தையே திருத்த அவர் முயன்றார். தாய்நாட்டார்க்கு அது கசந்திருத்தலும் கூடும். வேற்று நாட்டு முறையைப் புகழ்ந்து நம் முறையைப் பழிப்பவன் என்ற பெயர் எக்காலத்திலும் எளிதிற் கிடைப்பது.

713இல் இறக்கும்வரை அவர் ஐம்பதுக்கு மேற்பட்ட நூல்களைப் பெயர்த்தார். அவற்றுட் பெரும்பகுதி மூலசர்வாஸ்திவாத விநயத்தைச் சார்ந்தது. பிற்காலத்துச் சீனச் சரிதமொன்று அவருடைய மொழிபெயர்ப்புக்களைக் கூறியபின் இன்னொன்றையும் குறித்துள்ளது. நீர் வடிகட்டும் பையைப் பேணுவதிலும் அழுக்குக் களைவதிலும் அவருடைய முறை ஏனையோர் முறையினும் வேறுபட்டிருந்தது என்றும், அவரிடம் கற்ற மாணவர் அதனைக் கைக்கொண்டு சாங்கான், லோயாங் என்னும் இரு தலைநகரங்களிலும் பரப்பினர் என்றும் அது கூறுகின்றது.